லண்டனில் ஒரு ஜனாஸா, கொழும்பில் ஒரு ஜனாஸா



வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற தாய்மாரைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. புத்தளத்து உம்மாவும் கேட்கிறார், கிளிநொச்சி அம்மாவும் கேட்கிறார். "போன இடத்தில் பிள்ளை சமயத்தோடு இருக்குமா?" முஸ்லிம் தாய்மாரிடம் இந்தக் கவலை இன்னும் கூடுதல். அங்கே தொழ விடுவார்களா, ஹலால் சாப்பாடு கிடைக்குமா, முக்காட்டைக் கழற்றச் சொல்வார்களா, மௌத்தானால் எரித்துவிடுவார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு நான் படித்ததைக் கொண்டு மாத்திரம் பதில் சொல்லப்போவதில்லை. என் ராத்தா இருபது வருடத்துக்கு மேல் லண்டனில் வாழ்ந்து அங்கேயே மௌத்தானவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ராத்தா புத்தளத்து முகாமிலிருந்து கலியாணம் முடித்து லண்டன் போனார். நான் கொழும்பு ஒருகொடவத்தையில் வந்து குடியேறினேன். ஆக, இருவருமே பிறந்த மண்ணுக்கு வெளியே, சிறுபான்மையாகத்தான் வாழ்ந்தோம்.

முதலில் அன்றாட வாழ்க்கையைப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 39 இலட்சம் பேர். நூற்றுக்கு 6.5 வீதம். நமது நாட்டில் 2012 கணக்கெடுப்பின்படி 9.7 வீதம். இரண்டு இடத்திலும் நாம் சிறுபான்மைதான். லண்டனில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. ஹரோ பகுதியில் இலங்கை முஸ்லிம்கள் தமக்கென்று ஒரு கலாசார நிலையமே நடத்துகிறார்கள். வட்டிலப்பமும் நோன்புக் கஞ்சியும் அங்கேயும் உண்டு.

கஷ்டம் நேரத்தில்தான். கொழும்பில் எந்த மாதம் நோன்பு வந்தாலும் பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். லண்டனில் அப்படியல்ல. 2015லும் 2016லும் நோன்பு ஜூன் மாதத்தில் வந்தபோது விடியற்காலை மூன்று மணிக்கு முன்னரே சஹர் முடித்து, இரவு ஒன்பது மணி தாண்டித்தான் நோன்பு திறக்க முடிந்தது. பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல். அதே ஊரில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும். அப்போது ளுஹர், அஸர், மஃரிப் மூன்றுமே வேலை நேரத்துக்குள் வந்து விழும்.

ராத்தா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். மேற்பார்வையாளரிடம் முதல் வாரமே போய், "தேநீர் இடைவேளையை இரண்டாகப் பிரித்துத் தாருங்கள், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் எனக்குப் போதும்" என்று கேட்டிருக்கிறார். துணிகள் அடுக்கிவைக்கும் அறையில் ஒரு மூலை கிடைத்தது. அங்குள்ள 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், சமயத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. தொழுகைக்கு அறை தந்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் முதலாளி பதில் சொல்ல வேண்டிவரலாம். இதை அறிந்து வைத்திருந்தபடியால்தான் ராத்தாவுக்குக் கேட்கத் துணிவு வந்தது. அவருடன் வேலைக்குச் சேர்ந்த இன்னொரு பெண் கேட்கவே பயந்து, வருடக்கணக்காக எல்லாத் தொழுகையையும் வீட்டுக்குப் போய்க் களாவாகத் தொழுதுகொண்டிருந்தாராம்.

"மேற்கு நாடு" என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் எல்லா நாடும் ஒன்றல்ல. சுவிற்சர்லாந்தில் மயக்கமூட்டாமல் பிராணிகளை அறுப்பதற்கு 1893ஆம் ஆண்டிலிருந்தே தடை. அந்தக் காலத்தில் அங்கே முஸ்லிம்கள் இல்லை என்றே சொல்லலாம். யூதர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த தடை அது. இன்று முஸ்லிம்களும் அதன் கீழ் வருகிறார்கள். வெளியிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்துதான் சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்திலோ யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு.

உடுப்பு விடயத்திலும் அப்படித்தான். பிரான்ஸில் அரசாங்கப் பாடசாலைகளில் முக்காடு அணிய 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. முகத்தை மூடி வெளியில் வருவதற்கு 2011 ஏப்ரல் முதல் தடை. 2023இல் பாடசாலைக்கு அபாயா அணிந்து வரவும் தடை வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2019 முதல், அரசாங்கப் பாடசாலைக்குப் புதிதாக ஆசிரியராகச் சேருகிற பெண் வகுப்பில் முக்காடு அணிய முடியாது. சுவிற்சர்லாந்தில் முகம் மூடத் தடை 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் அப்படிப் பொதுவான தடை இல்லை. ஆனாலும் 2006இல் லூட்டன் நகரத்து மாணவி ஒருவர் பாடசாலைக்கு நீண்ட ஜில்பாப் அணிந்து வர உரிமை கேட்டுப் போட்ட வழக்கில் அவர் தோற்றுப்போனார். பாடசாலை சல்வாரையும் முக்காட்டையும் ஏற்கெனவே அனுமதித்திருந்தது, அது போதுமானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைப் படிக்கும்போது சிலருக்கு, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் நாட்டில் இதுதான் நிலைமை" என்று தோன்றலாம். நம் நாட்டில் என்ன நடந்தது? 2018இல் திருகோணமலையில் ஒரு இந்துப் பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் தமிழ் பேசுகிற பெண்கள்தான், யுத்தத்தைக் கண்டவர்கள்தான். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடத் தடை வந்தது. தடை முகத்திரைக்கு மாத்திரம்தான். ஆனால் முகம் திறந்திருந்த பெண்களையும் முக்காட்டைக் கழற்றிவிட்டு வரச்சொன்ன வாசல்கள் பல. அந்த மாதங்களில் இங்கிருந்து பேஸ்லைன் வீதியால் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்ததை எங்கள் பகுதிப் பெண்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாம் தெரிந்துவைத்திருக்காவிட்டால் வாசலில் நிற்பவர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது.

பெண் பிள்ளைகளை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் நிக்காஹ் முடிந்து பதிவு செய்யாமல் விட்டாலும், 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டத்தின்படி அந்தக் காரணத்துக்காக மாத்திரம் கலியாணம் செல்லாது என்று ஆகாது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே வீட்டிலோ மண்டபத்திலோ நிக்காஹ் மாத்திரம் செய்து, அரசாங்கப் பதிவு செய்யாவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது கலியாணமே அல்ல. 2020 பெப்ரவரியில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. பிறகு கணவன் விட்டுப்போனால், மனைவி என்ற முறையில் வீட்டிலோ சொத்திலோ உரிமை கேட்க அந்தப் பெண்ணிடம் வழியிருக்காது. ஆகவே நிக்காஹ்வோடு பதிவுத் திருமணமும் நடக்கிறதா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மார்க்கத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

இனி அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

2020 ஏப்ரல் மாதம், நோன்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கையில், ராத்தா கொவிட் நோயால் லண்டனில் மௌத்தானார். இங்கே ஊரடங்கு. விமானம் இல்லை. மச்சானும் மூத்த மகனும் தனிமைப்படுத்தலில். மையித்தைக் குளிப்பாட்ட முடியவில்லை. உறைக்கு மேலால் தயம்மும் செய்து, கபன் போர்த்தி, மூன்றாம் நாள் முஸ்லிம் மையவாடியில் அடக்கினார்கள். தொழுகையில் நின்றவர்கள் ஆறு பேர். நான் ஒருகொடவத்தையில் கைத்தொலைபேசியின் சிறிய திரையில் மண் போடுவதைப் பார்த்தேன். பள்ளிவாசல்கள் மூடியிருந்தபடியால் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளோடு காயிப் ஜனாஸாத் தொழுதோம். துக்கம் இருந்தது. ஆனால் மனதில் ஒரு மூலையில் ஆறுதலும் இருந்தது. மண்ணில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த அடக்கம் தானாக நடந்ததல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இறந்தவருடைய விருப்பத்துக்கு மாறாக உடலை எரிக்கக்கூடாது என்ற பாதுகாப்பு இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இருந்தது. 2020 மார்ச்சில் கொண்டுவந்த கொவிட் அவசரச் சட்டமூலம் அந்தப் பாதுகாப்பை ஒதுக்கிவைக்கப் பார்த்தது. பிரட்போர்ட் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் நாஸ் ஷா என்ற பெண்மணி அதற்குத் திருத்தம் கொண்டுவந்தார். முஸ்லிம்களும் யூதர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். மார்ச் 23ஆம் திகதி அரசாங்கம் வாசகத்தை மாற்ற ஒப்புக்கொண்டது. ராத்தா மௌத்தாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இது.

இன்னொன்றும் உண்டு. அடக்கம் சீக்கிரம் நடக்கவேண்டும் என்பது முஸ்லிம்களைப் போலவே யூதர்களுக்கும் முக்கியம். வட லண்டனில் ஒரு மரண விசாரணை அதிகாரி, சமயக் காரணத்துக்காக எந்த மரணத்தையும் முந்திக் கவனிக்க முடியாது, வரிசைப்படிதான் என்று விதி வைத்திருந்தார். யூதர்களின் அடக்கச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. யூதர்கள் போட்ட வழக்கால் முஸ்லிம் குடும்பங்களும் நன்மை அடைந்தன.

இப்போது நம் பக்கத்தைப் பாருங்கள். கொவிட்டால் இறந்தவரை அடக்கலாம், எரித்தே ஆகவேண்டும் என்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கையில் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீரால் நோய் பரவும் என்று காரணம் சொன்னார்கள். நமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சமய சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆம் உறுப்புரை சமயத்தைப் பின்பற்றி ஒழுகும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த ஒழுகும் உரிமையைப் பொதுச் சுகாதாரத்தின் பெயரில் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் முதலாம் திகதி காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு மூத்தம்மா இருந்தார். இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். தன்னுடைய கபன் துணியைத் தானே வாங்கி, சாம்பிராணிப் புகை காட்டி, அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். "மௌத்தானால் யாரிடமும் கையேந்தக்கூடாது" என்பார். 2020 நவம்பரில் அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் செய்தி வந்தது. மகனை அழைத்து ஒரு கடதாசியில் கையொப்பம் கேட்டிருக்கிறார்கள். அவர் போடவில்லை. போடாவிட்டாலும் எரித்துவிட்டார்கள். நடந்தே போகக்கூடிய தூரத்தில் மாளிகாவத்தை மையவாடி இருக்க, அவருடைய கபன் அலுமாரியிலேயே கிடந்தது.

அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளேயான ஒரு கைக்குழந்தையையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு மக்கள் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் எல்லோரும் கட்டினார்கள். மூத்தம்மாவின் மகள் அலுமாரியைத் திறந்து, கபன் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து எடுத்துப் போனார். மிச்சத்தை மடித்து மறுபடியும் அதே தட்டில் வைத்துவிட்டார்.

உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் புதைக்கவும் நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். புதைத்த துயிலும் இல்லங்கள் புல்டோசரால் இடிக்கப்பட்டதைக் கண்ட தாய்மார் இருக்கிறீர்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் எடு என்று சொன்னபோது மறுத்து நின்றவர்கள் இருக்கிறீர்கள். உடலைத் தராமல் கையொப்பத்தை மாத்திரம் கேட்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. உயர் நீதிமன்றத்தில் மனுதாரர்களுக்காக வாதாடியவர்களில் எம்.ஏ. சுமந்திரனும் ஒருவர். 2021 பெப்ரவரியில் பொத்துவில்லிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் காணாமலாக்கப்பட்டோர் பிரச்சினையோடு ஜனாஸா எரிப்பும் இருந்தது. கிழக்கில் முஸ்லிம்கள் வந்து அந்தப் பேரணியில் சேர்ந்தார்கள். சோனகதெருவிலிருந்து துரத்தப்பட்டவள் என்ற முறையில் அதைப் பார்த்தபோது எனக்குப் பழையது மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பாரம் கொஞ்சம் இறங்கியது உண்மை.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதுவும் ஒரே இடத்தில். நாடு முழுவதிலுமிருந்து உடல்களை மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கே 3600க்கும் அதிகமானோர் அடக்கப்பட்டார்கள். அவர்களில் வேறு சமயத்தவரும் உண்டு. 2022 மார்ச்சில்தான் மீண்டும் அவரவர் ஊர் மையவாடிக்கு வழி திறந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை, 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. அடக்கத்தால் நோய் பரவவில்லை என்று ஆய்வுகள் காட்டியதையும் ஏற்றுக்கொண்டது.

எனவே, பிள்ளை சமயத்தோடு இருக்குமா என்று கேட்கும் தாய்மாருக்கு என் பதில் இதுதான். பிள்ளையின் ஈமான் பிள்ளையிடம் இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு விடயம் வேண்டும். உரிமை எழுத்தில் இருக்கவேண்டும். அது ஆபத்தில் இருக்கும்போது நமது சமூகத்துக்கு வெளியிலிருந்தும் ஒருவர் எழுந்து பேசவேண்டும். லண்டனில் சட்டம் வருவதற்கு முன்பே அப்படிப் பேச ஆட்கள் இருந்தார்கள். இங்கே எழுத்தில் இருந்தும் நமக்கு அது உதவவில்லை, பலமான குரல்கள் சேர்வதற்குப் பத்து மாதம் போய்விட்டது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளை எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டில் பாடசாலை, வேலை, உடுப்பு பற்றிய சட்டம் என்ன என்று போவதற்கு முன்பே கேட்டறியுங்கள். பிரான்ஸில் உள்ள ஒருவர் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தாது. கலியாணத்தைப் பதிவு செய்யுங்கள். வயதானவர்கள் வெளிநாட்டில் இருந்தால், தம்மை எப்படி அடக்கவேண்டும் என்று வஸிய்யத்தாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில், உயிலில் நிறைவேற்றுநர் என்று ஒருவரை நியமித்தால் அடக்கத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை முதலில் அவருக்குத்தான் போகும். மார்க்கம் தெரிந்த, கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரின் பெயரைப் போடுவது நல்லது. இங்குள்ளவர்களும் அடையாள அட்டை வைக்கும் உறைக்குள்ளேயே அப்படி ஒரு கடதாசி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, உங்கள் ஊரில் உங்களைவிடச் சிறிய கூட்டம் எது என்று பாருங்கள். தமிழர் நடுவில் நாலு முஸ்லிம் வீடு இருக்கலாம். முஸ்லிம்கள் நடுவில் இரண்டு கிறிஸ்தவ வீடு இருக்கலாம். அவர்கள் வீட்டில் மரணம் நடந்தால் போய், "எங்கே அடக்கப்போகிறீர்கள், ஏதும் தடை இருக்கிறதா?" என்று கேளுங்கள். தடை இருந்தால் கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் அவர்களோடு போய் நில்லுங்கள்.